முகவரி யாருடையது? சமூக வலைத்தளத்துக்கு வெளியே இணைய நட்பைத் தொடர ஓர் எளிய விளக்கம்

பேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ நீங்கள் அடிக்கடி பேசும் ஐந்து பேரை நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளித் தோழர்கள், சொந்தக்காரர்கள் கணக்கில் வேண்டாம். இணையத்திலேயே பழக்கமானவர்கள் மட்டும். ஒருவர் பறவைப் படம் போடுபவர், ஒருவர் மாடித்தோட்டக்காரர், இன்னொருவர் கல்வெட்டு, நடுகல் என்று ஊர் ஊராகச் சுற்றுபவர். இவர்களில் எத்தனை பேருடைய மின்னஞ்சல் முகவரி உங்களிடம் இருக்கிறது? எத்தனை பேருடைய உண்மையான பெயர் தெரியும்? நம்மில் பலருக்கு ஒருவருடையதும் தெரியாது. நட்புக்கு ஏழெட்டு வயது ஆகியிருக்கும், ஆனால் நாளைக் காலையில் உங்கள் கணக்கோ அவர் கணக்கோ முடங்கிவிட்டால் அவரைத் தேடிப் போக ஒரு வழியும் இருக்காது.

இதை வீண் பயம் என்று தள்ள முடியாது. ஆர்குட் என்ற சமூக வலைத்தளம் 2004 ஜனவரியில் வந்தது, 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. யாஹூ மெசஞ்சர் 2018 ஜூலை 17 அன்று நின்றது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரல் 2 அன்று, யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில். டிக்டாக் கதை வேறு மாதிரி. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை போட்ட உத்தரவால் கொஞ்ச நாள் அதைத் தரவிறக்க முடியாமல் இருந்தது. அடுத்த ஆண்டு ஜூன் 29 அன்று இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. ஆர்குட் மூடும்போது மூன்று மாதம் முன்னதாகவே சொன்னார்கள். டிக்டாக்கில் அந்த அவகாசமும் கிடையாது. செயலி நின்றபோது, அதில் மட்டுமே பழகியிருந்தவர்கள் ஒருவரையொருவர் யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் பெயரைப் போட்டுத் தேடித் திரிந்தார்கள்.

நிறுவனம் மூடினால்தான் சிக்கல் என்றும் இல்லை. கடவுச்சொல்லை யாராவது திருடலாம். தவறான புகார் ஒன்றால் கணக்கு முடங்கலாம். அல்லது உங்களுக்கே சலித்துப்போய், போதும் என்று வெளியே வரத் தோன்றலாம்.

இரண்டு வேலைகள்

சமூக வலைத்தளம் நமக்கு இரண்டு வேலைகளைச் செய்துதருகிறது. ஓர் ஆளுக்குச் செய்தி அனுப்ப முகவரி தருகிறது. அப்புறம், நாம் கேட்காமலேயே அவருடைய சேதி நம் கண்ணில் படும்படி செய்கிறது: மகளுக்குக் கல்யாணம், வேலை மாறிவிட்டது, காலில் அடிபட்டிருக்கிறது, இன்று பிறந்தநாள். இந்த இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். அதனால்தான் வெளியே வர நினைப்பவர்கள் முதலில் கேட்பது, “பேஸ்புக்குக்குப் பதிலாக எந்தச் செயலி நல்லது?” என்பது. அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால் இன்னொரு நிறுவனத்தின் வாசலில்தான் போய் நிற்போம். ஆறு வருடம் கழித்து மறுபடியும் இதே கதை.

முகவரிக்கு ஒரு வழி, சேதிக்கு ஒரு வழி என்று பிரித்துப் பார்த்தால் விஷயம் எளிதாகிவிடும். முதலில் முகவரி.

இன்ஸ்டாகிராமில் உங்கள் பெயர் அந்த நிறுவனத்துக்குள் மட்டும் செல்லும். வேறு எங்கும் அதை எடுத்துக்கொண்டு போக முடியாது. அவர்கள் பிடுங்கினால் போயிற்று. ஆகவே ஒரு முகவரியைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. நிறுவனத்தை மாற்றினாலும் இந்த முகவரி என்னோடு வருமா? வேறு நிறுவனத்தில் இருப்பவரும் இந்த முகவரிக்குச் செய்தி அனுப்ப முடியுமா?

மின்னஞ்சல், ஆம், அதேதான்

இரண்டாவது கேள்விக்கு மின்னஞ்சல் அளவுக்குத் தெளிவாக ‘முடியும்’ என்று சொல்லும் வசதி இன்றைக்கும் வேறு இல்லை. 1971-இல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் வலைப்பின்னல் வழியே ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு மின்னஞ்சல் அனுப்பினார். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க @ குறியைப் போட்டவரும் அவர்தான். 1982-இல் எஸ்எம்டிபி என்ற விதிமுறை எழுதப்பட்டது. ஒரு கணினி இன்னொரு கணினிக்கு அஞ்சலை எப்படிக் கைமாற்ற வேண்டும் என்பதைச் சொல்லும் விதி அது. எந்த நிறுவனமும் அதற்குச் சொந்தக்காரர் இல்லை. திருநெல்வேலியில் பெட்டியில் போட்ட கடிதம் யாழ்ப்பாணத்துக்குப் போய்ச் சேர்கிறது. இரண்டும் வேறு வேறு நாட்டு அஞ்சல் துறை என்பதைப் பற்றி எழுதியவருக்கு என்ன கவலை? அது போலத்தான் ஜிமெயில்காரர் யாஹூக்காரருக்கும் ரெடிஃப்மெயில்காரருக்கும் எழுதுவது. இன்ஸ்டாகிராமில் இருந்துகொண்டு டெலிகிராமில் இருப்பவருக்கு ஒரு வரி அனுப்பிப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

தமிழர்கள் இணையத்தில் பழகத் தொடங்கிய காலத்தில் முக்கியமான கூடுமிடங்களில் ஒன்று மின்னஞ்சல்தான். 1990களின் நடுவில் ஆஸ்திரேலியாவிலிருந்து பாலா பிள்ளை தொடங்கி நடத்திய தமிழ்.நெட் மின்னஞ்சல் குழுவில் பல நாட்டுத் தமிழர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பழக்கத்திலிருந்துதான் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் பிறந்தது. சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, ஒருவரையொருவர் பார்த்தே இராத பலர் பழந்தமிழ் நூல்களை ஆளுக்கொன்றாகத் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். ‘லைக்’ பொத்தான் இல்லாத காலத்தில் நடந்த வேலை இது. மின்னஞ்சலில் நட்பு வளராது என்று யாராவது சொன்னால் எனக்கு இதுதான் ஞாபகத்துக்கு வரும்.

சரி, உங்கள் பெட்டியைத் திறந்தால் வங்கி விளம்பரமும் மின்கட்டண ரசீதும்தான் கிடக்கிறது, நண்பர் கடிதம் அதில் எங்கே தெரியும் என்று கேட்கலாம். நியாயம்தான். அதற்குத்தான் நட்புக்கென்று தனியாக ஒரு முகவரி வைத்துக்கொள்வது. அதை எந்தக் கடைக்கும் செயலிக்கும் கொடுக்காதீர்கள். அந்தப் பெட்டியில் எது வந்தாலும் அது ஒரு மனிதர் எழுதியதாகத்தான் இருக்க வேண்டும்.

அலுவலக முகவரியையும் கல்லூரி முகவரியையும் இதற்குப் பயன்படுத்தவே கூடாது. வேலையை விட்ட அன்று மாலையே அது செத்துவிடும், உள்ளே இருந்த கடிதங்களும் சேர்ந்து போகும். ஜிமெயில் வைத்திருந்தால் இன்னொன்றைக் கவனியுங்கள்: இரண்டு ஆண்டுகள் எட்டிக்கூடப் பார்க்காத கணக்குகளை அழிக்கலாம் என்று 2023-இல் கூகுள் விதியை மாற்றிவிட்டது. தனிப்பெட்டி என்றால் அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும்.

முதல் கேள்விக்கு, அதாவது நிறுவனத்தை மாற்றினாலும் முகவரி கூட வருமா என்பதற்கு, ஜிமெயில் முகவரி தேறாது. கூகுளை விட்டுப் போனால் அந்த முகவரியையும் விட்டுத்தான் போக வேண்டும். முழுக்க உங்களுடையதாக இருக்க வேண்டுமென்றால் சொந்தமாக ஒரு டொமைன் பெயரை, அதாவது இணையத்தில் உங்களுக்கென்று ஒரு பெயரை, பதிந்துகொள்ள வேண்டும். ஆண்டுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆகும். @ குறிக்குப் பின்னால் உங்கள் பெயர் வரும். இன்று ஒரு நிறுவனத்தின் அஞ்சல் சேவை, நாளை இன்னொன்று என்று மாறினாலும் நண்பர்களுக்கு எந்த மாற்றமும் தெரியாது. ஆனால் ஆண்டுதோறும் புதுப்பிக்க மறந்தால் வேறு யாராவது அந்தப் பெயரை எடுத்துக்கொள்வார்கள், உங்களுக்கு வரும் கடிதமும் அவருக்குப் போகும். தொடங்குகிறவர்களுக்கு இது தேவையில்லை என்பது என் கருத்து. சாதாரண மின்னஞ்சல் போதும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

“அதுதான் வாட்ஸ்அப் இருக்கே”

நம் ஊரில் இந்தப் பேச்சை எடுத்தால் உடனே வரும் பதில் இது. பாதி சரி. வாட்ஸ்அப் 2014-இலிருந்து பேஸ்புக் நிறுவனத்தின் கையில் இருந்தாலும், அதற்கு அடியில் இருக்கும் தொலைபேசி எண் அந்த நிறுவனத்துடையது அல்ல. 2011 ஜனவரியிலிருந்து இந்தியா முழுக்க எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றிக்கொள்ள முடிகிறது. வாட்ஸ்அப் நாளைக்கே நின்றாலும் அந்த எண்ணுக்குப் போன் போடலாம். அந்த வகையில் தொலைபேசி எண் நல்ல முகவரிதான்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண் போய்விடும். இந்தியாவில் துண்டிக்கப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாள் ஆறப்போட்டுவிட்டு வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். படிக்கவோ வேலைக்கோ வெளிநாடு போகிறவர்கள் பழைய எண்ணை இப்படித்தான் இழக்கிறார்கள். ஒரு வருடம் கழித்து நீங்கள் “எப்படி இருக்கே?” என்று கேட்டால் முன்பின் தெரியாத ஒருவர் பதில் சொல்லுவார்.

அதைவிடப் பெரிய விஷயம், இங்கே தொலைபேசி எண் என்பது வங்கிக் கணக்கு, யுபிஐ, கேஸ் புக்கிங், ஆதார் என்று எல்லாவற்றோடும் முடிச்சுப் போட்டிருக்கிறது. ஒருவருடைய எண்ணை ஏதாவது பணப்பரிமாற்றச் செயலியில் போட்டால் வங்கியில் உள்ள அவர் பெயர் வந்துவிடும். புனைபெயரில் எழுதுகிற ஒருவரிடம் எண்ணைக் கேட்பது அவருடைய திரையை விலக்கச் சொல்வதற்குச் சமம். பெண்களுக்கு இது பத்து மடங்கு. அதனால் புதிதாகப் பழகியவரிடம் எடுத்த எடுப்பில் எண் கேட்காதீர்கள். மின்னஞ்சல் முகவரியைக் கேட்பதில் அந்த அளவு உரசல் இல்லை. தேவைப்பட்டால் அவர் புதிதாக ஒன்றைத் தொடங்கிக்கூடக் கொடுக்கலாம்.

அரட்டையும் வேண்டும், எண்ணும் தெரியக் கூடாது என்றால் சிக்னல் என்ற செயலி பரவாயில்லை. கணக்கு தொடங்க எண் வேண்டும், ஆனால் 2024 பிப்ரவரியிலிருந்து பயனர்பெயரை மட்டும் கொடுத்துப் பேசும் வசதி வந்திருக்கிறது. டெலிகிராமிலும் பயனர்பெயர் உண்டு. இணைய நண்பர்கள் எல்லாரையும் கேட்காமல் ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ஒவ்வொருவர் எண்ணையும் மற்ற எல்லாருக்கும் காட்டிக்கொடுக்கும் உற்சாகசாலிகள் எல்லா வட்டத்திலும் ஒருவர் இருப்பார். அவர் நீங்களாக இருக்க வேண்டாம்.

மின்னஞ்சலைப் போலவே யாருக்கும் சொந்தமில்லாத அரட்டை முறைகளும் உண்டு. 1999-இல் ஜாபர் என்ற பெயரில் அறிமுகமாகி எக்ஸ்எம்பிபி என்று ஆனது ஒன்று. 2014-இல் வந்த மேட்ரிக்ஸ் இன்னொன்று. கூகுளின் அரட்டைச் சேவையான கூகுள் டாக் 2005-இல் வந்தபோது எக்ஸ்எம்பிபியைத்தான் பயன்படுத்தியது. சில ஆண்டுகள் வெளியாரோடு பேசும் கதவும் திறந்திருந்தது. 2013-இல் அதற்குப் பதிலாக ஹேங்அவுட்ஸ் வந்ததும் அந்தக் கதவைச் சாத்தத் தொடங்கினார்கள். விதிமுறை பொதுவானது என்பதற்காகப் பெரிய நிறுவனம் என்றைக்கும் அதில் இருக்கும் என்று நம்ப முடியாது என்பதற்கு இது நல்ல சாட்சி. கணினியோடு விளையாடப் பிடித்த நாலு நண்பர்கள் சேர்ந்தால் மேட்ரிக்ஸை முயன்று பாருங்கள். மற்றவர்களை அதற்கு இழுத்தால், நட்பு போய்த் தொழில்நுட்ப உதவி மையம் நடத்துவதாக ஆகிவிடும்.

கேட்பது எப்படி

தொழில்நுட்பத்தைவிட இதுதான் கஷ்டம். “நான் பேஸ்புக்கை விட்டுப் போகிறேன், தொடர்பில் இருக்க விரும்புபவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள்” என்று சுவரில் எழுதிவிட்டுப் போனால், வருத்த முகமும் கைகூப்பும் வந்து குவியும். உள்பெட்டிக்கு வருபவர்கள் வெகு சிலர்தான், அவர்களும் நீங்கள் நினைத்தவர்களாக இருக்க மாட்டார்கள். ஒவ்வொருவராகத்தான் கேட்க வேண்டும். ஒரே வாசகத்தை நூறு பேருக்கு ஒட்டினால் ஸ்பேம் என்று கருதிக் கணக்கையே முடக்கிவிடவும் வாய்ப்பு உண்டு.

கேட்பதற்கு முன்னால் கொடுங்கள். இப்படி எழுதலாம்: “வணக்கம் அண்ணா. நான் இங்கே வருவதைக் குறைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். ஆனால் உங்களோடு பேசுவது நிற்கக் கூடாது. என் மின்னஞ்சல் இதுதான். அடுத்த தடவை வேடந்தாங்கல் போனால் என்னென்ன பார்த்தீர்கள் என்று ஒரு வரி போடுங்கள். அவசரம் ஒன்றும் இல்லை.” அவருடைய முகவரியை இதில் கேட்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். பிடித்தால் எழுதுவார், முகவரி தானாக வந்துவிடும். பிடிக்காவிட்டால் மறுக்க வேண்டிய சங்கடம்கூட அவருக்கு இல்லை. பதில் வராவிட்டால் மறுபடி கேட்காமல் விட்டுவிடுங்கள்.

எத்தனை பேருக்கு எழுதுவது? ஐந்நூறு பேர் பட்டியலைப் பார்த்து மலைக்க வேண்டாம். யார் இல்லாவிட்டால் நிஜமாகவே ஒரு குறை தெரியும் என்று யோசித்தால் பத்துப் பதினைந்து பேர் தேறுவார்கள். மற்றவர்களோடு இருந்தது அந்த இடத்தின் பழக்கம். பேருந்தில் தினமும் பார்க்கிறவரோடு சிரிப்பதைப் போல, அதுவும் நல்ல பழக்கம்தான். அதை வீட்டுக்குக் கூட்டிவர வேண்டியதில்லை.

கணக்கை மூடும் முன் பேஸ்புக்கில் உங்கள் தகவல்களைத் தரவிறக்கிக்கொள்ள வசதி இருக்கிறது, அதைச் செய்துவிடுங்கள். ஆனால் அதில் நண்பர்களின் பெயர்ப் பட்டியல்தான் வரும், அவர்களுடைய மின்னஞ்சலும் எண்ணும் வராது. தரவிறக்கினேன், எல்லாம் பத்திரம் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் அதிகம்.

கிடைத்த முகவரிகளைத் தொலைபேசியின் தொடர்புப் பட்டியலில் சேர்க்கும்போது பெயரோடு நிறுத்தாதீர்கள். குறிப்பு எழுத ஓர் இடம் இருக்கும். இணையத்தில் என்ன பெயரில் எழுதுவார், எங்கே பழக்கம், எந்த ஊர் என்று எழுதி வையுங்கள். ‘செந்தில்’ என்று ஆறு பேர் இருக்கும் பட்டியலில் மூன்று வருடம் கழித்து யார் யார் என்று தெரிய வேண்டாமா? அந்தப் பட்டியலை விசிஎஃப் என்ற வகைக் கோப்பாக ஏற்றுமதி செய்யலாம். ஆண்ட்ராய்டு, ஐபோன், மின்னஞ்சல் சேவைகள் எல்லாம் அதைப் படிக்கும். வருடம் ஒருமுறை ஒரு நகல் எடுத்து வேறு இடத்தில் வைத்தால் போன் தொலைந்தாலும் ஆட்கள் தொலைய மாட்டார்கள்.

சேதி எப்படி வரும்?

இனி இரண்டாவது வேலை. வலைத்தளத்தில் நீங்கள் எதுவும் செய்யாமலேயே சேதி வந்தது. வெளியே வந்தால் யாராவது ஒருவர் எழுத வேண்டும். முதல் சில வாரங்கள் ஒரே அமைதியாக இருக்கும். நண்பர்கள் மறந்துவிட்டார்கள் என்று தோன்றும். அவர்கள் அங்கேயே இருக்கிறார்கள், எழுதிப் பழக்கம் இல்லை, அவ்வளவுதான். முதல் கடிதத்தை நீங்கள்தான் போட வேண்டும், இரண்டாவதையும் அநேகமாக நீங்கள்தான்.

என்ன எழுதுவது என்று திகைப்பு வரும். அங்கே யாரோ போட்டதற்குப் பதில் சொன்னோம். இங்கே வெற்றுப் பக்கம். “நலம், நலமறிய ஆவல்” என்று தொடங்கினால் மூன்றாவது வரியில் சரக்கு தீர்ந்துவிடும். உங்களைச் சேர்த்து வைத்த விஷயத்திலிருந்து தொடங்குங்கள். மாடித்தோட்ட நண்பருக்கு, வெண்டைச் செடியில் மாவுப்பூச்சி வந்ததையும் வேப்பெண்ணெய் தெளித்தும் போகாததையும் படத்தோடு எழுதுங்கள். அவரால் பதில் சொல்லாமல் இருக்கவே முடியாது. கல்வெட்டு நண்பருக்கு, உங்கள் ஊர்க் குளக்கரையில் பாதி புதைந்து கிடக்கும் கல்லின் படம். நாலு வரி போதும். குறிப்பான ஒரு செய்தி, அவரால் மட்டுமே பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி. பதில் இரண்டு மாதம் கழித்து வந்தாலும் அது தாமதம் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீல டிக் பழக்கம் நம் எல்லாரையும் கொஞ்சம் கெடுத்து வைத்திருக்கிறது.

எல்லாருக்கும் சொல்ல வேண்டிய சேதி என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பொதுக் கடிதம் எழுதலாம். இங்கேதான் பிசிசி என்ற கட்டம் உதவுகிறது. பெறுநர் கட்டத்தில் உங்கள் முகவரியையே போட்டு, நண்பர்கள் முகவரியையெல்லாம் பிசிசியில் போட்டால் யாருக்கு யார் முகவரியும் தெரியாது. சிசியில் போட்டீர்களோ, எல்லார் முகவரியும் எல்லாருக்கும் போய்விடும். அப்புறம் ஒருவர் ‘எல்லாருக்கும் பதில்’ அழுத்தி வாழ்த்து அனுப்ப, இன்னொருவர் அதற்கு நன்றி சொல்ல, பதினைந்து பேருடைய பெட்டியும் நிறையும். ஜிமெயிலில் ஒரே கடிதத்தோடு 25 எம்பி வரைதான் இணைக்க முடியும். நாலைந்து படத்தைச் சுருக்கி அனுப்பினால் தாராளம். பொதுக் கடிதம் அனுப்பினாலும், பதில் போட்டவருக்குத் தனியாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் அது கோயில் திருவிழா நோட்டீஸ் போல ஆகிவிடும், வாங்கிப் பார்ப்பார்கள், மடித்து வைத்துவிடுவார்கள்.

நண்பர் ஏதாவது வலைப்பதிவோ யூடியூப் சேனலோ வைத்திருந்தால் அதைத் தொடர வலைத்தளக் கணக்கு தேவையில்லை. ஆர்எஸ்எஸ் என்று ஒன்று இருக்கிறது. ஒரு தளத்தில் புதிதாக என்ன வந்தது என்பதை வரிசையாகச் சொல்லும் சின்னக் கோப்பு அது. 1999-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் உருவானது. ஃபீட்லி மாதிரி, இந்தக் கோப்புகளைப் படித்துக் காட்டும் ஒரு படிப்பானில் தள முகவரியைப் போட்டால் புதுப் பதிவு வந்ததும் அங்கே தெரியும். தமிழ் வலைப்பதிவுகள் பெருகிய காலத்தில், 2004-இல் வந்த தமிழ்மணம் போன்ற, பல பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் திரட்டிகள் இதை வைத்துத்தான் ஓடின. கூகுள் ரீடர் என்ற படிப்பான் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டதும் ஆர்எஸ்எஸ்ஸே செத்துவிட்டது என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். பிளாக்கர், வேர்ட்பிரஸ், சப்ஸ்டாக், யூடியூப் எல்லாவற்றிலும் அது இன்னும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

பிறந்தநாள், திருமண நாளையெல்லாம் தொலைபேசி நாள்காட்டியில் ஆண்டுதோறும் திரும்ப வரும்படி போட்டுக்கொண்டால் போதும். பேசத் தோன்றினால் முன்கூட்டியே நேரம் கேளுங்கள், குறிப்பாக நண்பர் கடல் தாண்டி இருந்தால். யாழ்ப்பாணத்துக்கும் நமக்கும் ஒரே நேரம். சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னே. டொரண்டோ கோடையில் ஒன்பதரை மணி நேரம் பின்னே, குளிர்காலத்தில் பத்தரை. நம் ஞாயிறு மாலை ஏழு மணி அவர்களுக்கு ஞாயிறு காலை. இரு பக்கத்துக்கும் தோதான நேரம் அது.

காகிதத்தையும் மறக்க வேண்டாம். உள்நாட்டு அஞ்சலட்டை இன்னும் 50 பைசாதான். முகம் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் அட்டை அனுப்பிக்கொள்ளும் போஸ்ட்கிராஸிங் என்ற ஏற்பாடு 2005-இல் போர்ச்சுகலில் தொடங்கி இன்றும் நடக்கிறது. வீட்டு முகவரியைக் கொடுக்கத் தயக்கமாக இருந்தால் கடை முகவரியோ அலுவலக முகவரியோ கொடுக்கலாம். வெளிநாட்டிலிருந்து பொருளாக வந்தால் சுங்கவரி வரக்கூடும், காகிதத்தோடு நிறுத்திக்கொள்வது நிம்மதி.

ஆள் அவர்தானா?

சுங்கம் என்றதும் சொல்லியே ஆக வேண்டிய விஷயம் ஒன்று. “உனக்கு ஒரு பரிசு அனுப்பினேன், விமான நிலையச் சுங்கத்தில் மாட்டிக்கொண்டது, பணம் கட்டி எடுத்துக்கொள்” என்பது வெகு காலமாக நடக்கும் மோசடி. அது எப்போதும் “இங்கே வேண்டாம், தனியாகப் பேசலாம், வாட்ஸ்அப் எண் கொடு” என்றுதான் தொடங்கும். அதாவது நான் இவ்வளவு நேரம் எதைச் செய்யச் சொன்னேனோ அதையேதான் மோசடிக்காரரும் சொல்வார். இரண்டுக்கும் வித்தியாசம் காலத்தில் இருக்கிறது. பல ஆண்டு எழுத்தைப் பார்த்திருக்கிறீர்கள், பொது நண்பர்கள் இருக்கிறார்கள் என்றால் பயமில்லை. பழகிப் பத்து நாள் ஆன ஒருவர் இடம் மாற அவசரப்படுத்தினால் அங்கேயே நின்றுவிடுங்கள். பேச்சு முதலீடு, கிரிப்டோ, அவசரக் கடன் என்று திரும்பினால் முடிந்தது கதை. பணம் போயிருந்தால் இந்தியாவில் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு தூரம் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு.

நண்பரின் கணக்கைத் திருடி, அவர் பெயரில் “அவசரமாக ஐயாயிரம் வேண்டும்” என்று கேட்பதும் தினமும் நடக்கிறது. இரண்டாவது முகவரி கையில் இருந்தால் இது ஒரு நிமிட வேலை: பேஸ்புக்கில் கேட்டாரா, மின்னஞ்சலிலோ போனிலோ விசாரியுங்கள். இந்த ஒரு காரணத்துக்காகவாவது, வலைத்தளத்தை விடவே போவதில்லை என்பவர்களும் நெருங்கியவர்களோடு வெளியே ஒரு வழி வைத்துக்கொள்வது நல்லது.

திடீரென்று எழுதாமல் போனால்

இணைய நண்பர்களுக்கு மட்டும் உள்ள துயரம் ஒன்று உண்டு. ஒருவர் எழுதுவது நின்றுபோகும். உடம்பு சரியில்லையா, கோபமா, இறந்துவிட்டாரா, தெரியாது. அவர் வீட்டாருக்கு நம்மைத் தெரியாது, நமக்கும் அவர்களைத் தெரியாது. எத்தனையோ பேருடைய மறைவுச் செய்தி ஒரு வருடம் கழித்துத் தற்செயலாகத்தான் தெரிய வந்திருக்கிறது.

நம் பக்கத்திலிருந்து இதைச் சரிசெய்ய முடியும். வீட்டில் ஒருவரிடம், கணவரோ மனைவியோ தம்பியோ, “எனக்கு ஏதாவது ஆனால் இந்த ஏழு பேருக்குச் சொல்” என்று பெயரும் முகவரியும் எழுதிய ஒரு தாளைக் கொடுத்து வைக்கலாம். அபசகுனமாகப் பேசாதே என்பார்கள். எல்ஐசி பத்திரம் இருக்கும் கோப்பிலேயே அதையும் செருகிவிடுங்கள்.

கூகுள் கணக்கு இருந்தால் இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர் என்ற ஏற்பாடும் இருக்கிறது. கணக்கு அமைப்புகளில் தரவும் தனியுரிமையும் பற்றிய பகுதியில் கிடைக்கும். மூன்று, ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு மாதங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். கணக்கில் நடமாட்டம் இல்லாமலே இருந்தால், அந்தக் காலம் முடிவதற்கு முன்பே உங்களுக்கு நினைவூட்டல் வரும். அதற்கும் பதில் இல்லையென்றால் நீங்கள் குறித்து வைத்த பத்துப் பேர் வரைக்கும் நீங்களே எழுதி வைத்த கடிதம் போகும். உங்கள் கோப்புகளை அவர்களுக்குத் திறந்துவிடலாமா என்றும் அது கேட்கும். நண்பர்களுக்கு அது தேவையில்லை, கடிதம் மட்டும் போதும் என்று வைத்துவிடலாம். அந்தக் கடிதத்தில் உங்கள் வீட்டாரில் ஒருவரைத் தொடர்புகொள்ளும் வழியையும், இணையத்தில் நீங்கள் என்ன பெயரில் எழுதினீர்கள் என்பதையும் எழுத மறக்காதீர்கள். சொந்தப் பெயர் மட்டும் இருந்தால், பாதி நண்பர்களுக்கு அது யார் என்றே தெரியாது.